மாப்பிள்ளை காலில் விழுந்த வியாகுலமேரி

அனுமந்தன்பட்டியில் வியாகுலமேரி தெருவில் இறங்கினால் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பயம் என்று சொல்ல முடியாது, வம்பு வேண்டாம் என்பதுதான். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முப்பத்துநாலு வருடம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அதில் கடைசிப் பதினோரு வருடம் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் கழிந்தது. தினமும் அறுபது கால், எழுபது கால். அந்தப் பழக்கத்தில் மனிதர்களின் முகம் அவருக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போதுகூட முன்னால் நிற்பவரின் குதிகாலைப் பார்த்துவிட்டு, வெடிப்புக்கு என்ன போடுகிறீர்கள் என்று காதோடு கேட்பார். ஒரு பெரிய வியாழனன்று, பாதம் கழுவும் சடங்கில், பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவி முடித்ததும், நாலாவது ஆளுக்கு விரலிடுக்கில் புண் இருந்ததைக் கவனித்தீர்களா என்று சாமியாரிடமே போய் விசாரித்தவர்.

வைத்திய விஷயத்தில் அவர் தவறியதே இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பிவிட்டதே அவர்தான். தவறாத ஆள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? ஆகவே கேட்டதில்லை. கணவர் மரிய ஜோசப் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், சாது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்ட மன்னிப்பு அத்தனையையும் ஒற்றை ஆளாக அவரே கேட்டு வந்தார். பால்காரரிடம் கேட்டிருக்கிறார், பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார், ஒருமுறை பெரிய டாக்டர் ஒருவருக்கு இரண்டு பக்கத்தில் கடிதமாகவே எழுதியிருக்கிறார்.

ஆனால் மாப்பிள்ளை ஜஸ்டினிடம் மரிய ஜோசப்பின் பருப்பு வேகவில்லை.

ஜஸ்டினுக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். மூன்று வருடத்துக்கு முன் பேத்தி ஜெஸ்லினின் முதல் பிறந்தநாள் விருந்து அங்கேதான் நடந்தது. அன்றைக்கு ஜஸ்டின் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் அடிக்கிறது, கேக்கெல்லாம் அப்புறம், முதலில் டாக்டரிடம் போவோம் என்றார். வியாகுலமேரி கைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. பந்தியில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படி, "திராட்சைக்கு மருந்தடிக்கிற கைக்குக் காய்ச்சல் பாக்கத் தெரியுமாக்கும்" என்றார். பந்தி சிரித்தது. கேக் வெட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து தேற்றிக்கொண்டு வந்தார்கள். இப்போது அது வாய் ஓயாமல் பேசுகிறது. தெர்மாமீட்டரில் பாட்டரி தீர்ந்துகொண்டிருந்ததை வியாகுலமேரி அன்றைக்கே கண்டுபிடித்தார். பாட்டரியை மாற்றினார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அத்தை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கட்டும், அதுவரை அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஜஸ்டின் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை மூன்று வருடமாக வரவில்லை. மகள் பெனிஷா இரண்டு பக்கமும் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துபோனாள். மரிய ஜோசப் மட்டும் நூலகத்துக்குப் போகிறேன் என்று பஸ் ஏறி, ஓடைப்பட்டியில் பேத்தியைக் கொஞ்சிவிட்டு வருவார். நூலகத்திலிருந்து மனிதர் கொண்டுவரும் திராட்சைக் குலையை வியாகுலமேரி கேள்வி கேட்காமல் வாங்கி வைப்பார்.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டே முக்கால் மணிக்கு ஜஸ்டின் பந்தல் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஓரத்துக் கல்தூண் ஒன்று அடியோடு சாய்ந்து அவர் வலது முழங்காலில் விழுந்தது. கூட இருந்த சித்தப்பா மகன் எபனேசர் கல்லைப் புரட்டிவிட்டு, ஆளைத் தூக்கி மினி வேனில் போட்டு, சின்னமனூர்ப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பெனிஷா அப்பாவுக்குப் போன் போட்டபோது மணி பத்தே கால்.

வியாகுலமேரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மரிய ஜோசப் போனைக் காதில் வைத்தபடியே செய்தியைச் சொல்லிக்கொண்டு வந்தார். கல் விழுந்துவிட்டதாம். எக்ஸ்ரே எடுத்தாயிற்றாம். எலும்பு முறிவு இல்லையாம். வலிக்கு ஊசி போட்டிருக்கிறார்களாம், சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். யாரோ அசலார் விஷயம் போல வியாகுலமேரி கீரைக்கட்டைப் பிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு மனம் கேட்கவில்லை.

"முட்டியா, முட்டிக்குக் கீழயா?"

முட்டிதான் என்று பதில் வந்தது.

"பாதம் சூடா இருக்கான்னு கேளுங்க."

மரிய ஜோசப் பெனிஷாவைக் கேட்க, பெனிஷா எபனேசரைக் கேட்க, எபனேசர் தொட்டுப் பார்த்துச் சொன்னான். அதே வழியாகப் பதில் திரும்பி வந்தது. "சில்லுன்னு இருக்காம். பயப்பட ஒண்ணுமில்லையாம், ஏசி ரூமாம்."

வியாகுலமேரி எழுந்தார். கீரை முற்றத்தில் கிடந்தபடி கிடந்தது. ஆட்டோவில் ஏறும்போது, மகளுக்கு ஆறுதல் சொல்லத்தான் போகிறேன், வேறு யாரையும் பார்க்க அல்ல என்று கணவரிடம் இரண்டு முறை சொன்னார். மரிய ஜோசப் இரண்டு முறையும் சரி என்றார். முறிவு இல்லை என்பது வியாகுலமேரிக்கு ஆறுதலாகப் படவில்லை. முழங்காலுக்குப் பின்னால் பெரிய ரத்தக்குழாய் ஒன்று ஓடுகிறது. முட்டி பிசகினால் அது நசுங்கும், கிழியும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ரத்தம் ஓடுகிறதா இல்லையா என்பது தெரியாது. ஓட்டம் நின்று ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் கால் செத்துப்போகும், அதன்பிறகு எடுக்கத்தான் வேண்டும். இப்படி எடுத்த கால்கள் இரண்டை அவர் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் முதல் நாள் 'முறிவு இல்லை' என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவர்கள்.

அறைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று ஐந்து. கட்டிலைச் சுற்றி ஓடைப்பட்டிச் சொந்தம் பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்க்கோடும் பிஸ்கட்டோடும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியாரைக் கண்டதும் ஜஸ்டின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "உங்க அம்மா எதுக்கு வந்தாக?" என்று சுவரைப் பார்த்தபடி பெனிஷாவிடம் கேட்டார்.

வியாகுலமேரி முகத்தைப் பார்க்க வரவில்லை. நேரே கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினார். முட்டி பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அதன்மேல் இறுக்கிக் கட்டு. பாதத்துக்கு அண்டையில், சில்லென்று இருக்கிறதே என்று எபனேசர் பாசத்தோடு வைத்திருந்த வெந்நீர்ப் பை. பாதத்தின் நிறத்தைப் பார்த்தார். நீலம். மற்ற காலையும் பார்த்தார். அதுவும் நீலம். அன்று விடிந்ததிலிருந்து ஜஸ்டின் தோட்டத்துக்கு நீல மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்திருந்தார். மருந்தடிக்கும் நாளில் ஓடைப்பட்டியில் பாதிப் பேருக்குக் கால் நீலம்தான். அதனால்தான் நர்ஸ் முதல் எபனேசர் வரை ஒருவருக்கும் அந்தக் கால் உறுத்தவில்லை. "மருந்துக் கறை அத்தை, சோப்புப் போட்டாப் போயிரும்" என்று எபனேசர் விளக்கம் வேறு சொன்னான்.

வியாகுலமேரி வெந்நீர்ப் பையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். பிறகு அவர் செய்த காரியம்தான் இன்றுவரை பேசப்படுகிறது.

பாதத்தின் மேற்புறத்தில் ஒரு நாடி உண்டு. அடிபட்ட காலில் மட்டும் தேடினால் போதாது, நல்ல காலோடு ஒப்பிட வேண்டும். அதற்கு இரண்டு பாதத்தின் மேலும் ஒரே நேரத்தில் கைவைத்து, கண்ணை மூடி, தலையைக் குனிந்து, மூச்சை அடக்கி இருக்க வேண்டும். கட்டிலோ தாழ்வான கட்டில். வியாகுலமேரிக்கோ இடுப்பு வலி, குனிந்து நிற்க முடியாது. ஆகவே தரையில் மண்டியிட்டார். மண்டியிட்டு, மாப்பிள்ளையின் இரண்டு பாதங்களையும் இரண்டு கைகளாலும் பற்றி, கண்ணை மூடித் தலையைக் குனிந்தார்.

ஜஸ்டினின் பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். எபனேசர் வெந்நீர்ப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தான். மாமியார் மருமகன் காலில் விழுவதை அந்தச் சொந்தத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதுவும் இந்த மாமியார். பெரியவர்கள் வந்து காலைத் தொட்டால் சின்னவர்களுக்கு ஆகாது என்று ஜஸ்டின் பதறி, இரண்டு காலையும் வெடுக்கென்று இழுத்தார். இடது கால் மடங்கி வந்தது. வலது காலில் ஒரு விரல்கூட அசையவில்லை. இழுத்த ஜஸ்டினுக்கே அது தெரியவில்லை.

"எந்திரிங்க அத்தை" என்றார். மூன்று வருடத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "நீங்க போயி எங்கால்ல விழுகலாமா. நான் எல்லாத்தையும் அன்னைக்கே மறந்துட்டேன்."

"பேசாம இருங்க மாப்பிள. கட்டை விரலத் தூக்குங்க."

தூக்கிவிட்டதாக ஜஸ்டின் நினைத்தார். விரல் கிடந்த இடத்தில் கிடந்தது. வியாகுலமேரி நகத்தால் விரல் நுனியில் கிள்ளினார். அதுவும் தெரியவில்லை. இடது பாதத்தில் நாடி துள்ளியது, வலது பாதத்தில் இல்லை. உள் கணுக்காலுக்குப் பின்னால் தேடினார், அங்கும் இல்லை. கணுக்காலுக்கு மேலே சூடாக இருந்த தோல் கீழே வரவரச் சில்லிட்டது. மனத்துக்குள் எட்டே முக்காலிலிருந்து மணியை எண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் போய்விட்டது. எத்தனையோ பேர் காலைக் கல்லுப் போல இருந்து பார்த்தவர், மகள் புருஷன் காலில் மட்டும் இன்னொரு தடவை தேடினார்.

டாக்டரைக் கூட்டி வரச் சொன்னார். திலீபன் என்று இளைஞர், படித்து முடித்து வந்து ஆறு மாதம்தான், மரியாதையான பிள்ளை. காலில் நாடி இருக்கிறது என்று சீட்டில் எழுதியிருந்தவர் அவர்தான். மறுபடியும் விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, இருக்கிறது சிஸ்டர், லேசாக இருக்கிறது, தொண்ணூறு என்றார். வியாகுலமேரி ஜஸ்டினின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். நூற்றிருபத்துநாலு. பிறகு டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார்.

"தொண்ணூறு உங்களுது டாக்டர். உங்க விரல்ல துடிக்கிறதத்தான் நீங்க எண்ணியிருக்கீக."

திலீபன் முகம் சிவந்துபோனது. ஆனால் நல்ல டாக்டர் ஆவதற்கான அடையாளம் அவரிடம் இருந்தது, அவர் வாதாடவில்லை. பிரசவ அறைக்கு ஓடி, வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் சிறு கருவியை எடுத்துக்கொண்டு வந்தார். ஆண் பிள்ளையின் காலில் அதை வைப்பதைப் பார்த்துப் பெரியம்மா அழுகையை நிறுத்தினார். பசை தடவி இடது கணுக்காலில் வைத்ததும் சர், சர், சர் என்று அறை முழுக்கக் கேட்டது. வலது கணுக்காலில் வைத்தார். நகர்த்தி வைத்தார். அழுத்தி வைத்தார். இரைச்சல்தான் வந்தது. இப்போது யாரும் சமாதானத்தைப் பற்றிப் பேசவில்லை.

கல்லைப் புரட்டியபோது முட்டி எப்படி இருந்தது என்று வியாகுலமேரி எபனேசரைப் பார்த்துக் கேட்டார். அவன் முதலில் விழித்தான். பிறகுதான் உண்மை வந்தது. முட்டி பின்னால் பிசகி, கால் கோணலாகத் தொங்கியிருக்கிறது. அண்ணன் கத்தியதைத் தாங்க முடியாமல் அவனே பிடித்து ஒரு இழு இழுத்திருக்கிறான். படக்கென்று உட்கார்ந்துவிட்டதாம். "அதான் சரியாப் போச்சேன்னு டாக்டர்ட்ட சொல்லல" என்றான். பிசகிய முட்டி எக்ஸ்ரேக்கு வருமுன்பே நேராகிவிட்டதால் படத்தில் எல்லாம் அழகாகத் தெரிந்திருக்கிறது. உள்ளே குழாய் மட்டும் நைந்துகிடந்தது.

அதன்பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. திலீபனே மதுரையில் ஒரு ரத்தக்குழாய் டாக்டருக்குப் போன் போட்டு, முட்டி பிசகியது, நாடி இல்லை, உணர்ச்சி இல்லை, அடிபட்ட நேரம் இன்னது என்று நாலு வரியில் சொல்லிவிட்டார். வியாகுலமேரி இறுக்கமான கட்டைத் தளர்த்தி, காலைப் பலகையோடு அசையாமல் பொருத்தினார். தேய்த்துவிட வந்த பெரியம்மாவின் கையைத் தட்டிவிட்டார். பதினொன்றே முக்காலுக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. வழி நெடுகிலும் அவர் கால்மாட்டிலேயே உட்கார்ந்து பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்திருந்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே ஜஸ்டின் பெனிஷாவிடம், "பாத்தியா, உங்க அம்மா இன்னும் விடமாட்டேங்கிறாக" என்றார். அந்த வலியிலும் அவருக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

மதுரையில் அந்த ரத்தக்குழாய் டாக்டரம்மா கதவருகிலேயே பார்த்துவிட்டு, படம் எடுக்கும் வேலையெல்லாம் வேண்டாம், நேராக ஆபரேஷன் அறைக்கு என்று சொல்லிவிட்டார். நல்ல காலின் தொடையிலிருந்து ஒரு ரத்தநாளத்தை எடுத்து, நைந்த குழாய்க்குப் பதிலாக வைத்துத் தைக்க வேண்டும் என்று விளக்கினார். "அப்ப நல்ல காலையும் வெட்டுவீகளா?" என்று ஜஸ்டின் எழுந்து உட்காரப் பார்த்தார். ரத்தம் திரும்பப் பாயும்போது கெண்டைக்கால் வீங்கி உள்ளேயே நெருக்கும், அதனால் அங்கேயும் இரண்டு பக்கம் தோலைக் கீறித் திறந்து வைப்போம் என்று டாக்டரம்மா தொடர்ந்தார். ஜஸ்டின் கேள்வியை நிறுத்திக்கொண்டார். உள்ளே கொண்டுபோனபோது மணி இரண்டு பத்து. ஆறு மணி நேரத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் பாக்கி இருந்தது.

வெளியே பெஞ்சில் வியாகுலமேரி ஜெபமாலையை எடுத்தார். எத்தனை மணி உருட்டினார் என்று அவருக்கே தெரியாது. மாலை ஆறு மணிக்கு டாக்டரம்மா அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, நீங்களே பாருங்கள் என்றார். பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. விரலை வைத்தார். சன்னமாக, ஆனால் ஒழுங்காக, அது துடித்தது. முப்பத்தேழு வரைக்கும் எண்ணினார். அதற்குமேல் கண்ணில் நீர் முட்டி எண்ணிக்கை தவறிவிட்டது. முப்பத்துநாலு வருட வேலையில் அவர் எண்ணிக்கை தவறியது அதுதான் முதல் தடவை.

கால் பிழைத்துவிட்டது. அதைவிட நன்றாக எபனேசர் எடுத்த போட்டோ பிழைத்துவிட்டது. குடும்ப வாட்சப் குழுவில் அன்று மதியமே அது ஏறியிருந்தது. மண்டியிட்ட வியாகுலமேரி, கட்டிலில் ஜஸ்டின், கீழே 'மூன்று வருடப் பகை முடிந்தது' என்று எபனேசரின் வாசகம். கூப்பிய கைகளாகவே எழுபது பதில்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடம் ஜஸ்டின் ரத்தக்குழாய் பற்றி அரை நிமிடம் பேசிவிட்டு, அத்தை காலில் விழுந்ததைக் கால் மணி நேரம் சொன்னார். மாமியார்தான் கண்டுபிடித்தார் என்று டாக்டரம்மா அவரிடம் தெளிவாகவே சொல்லியிருந்தார். ஆனாலும் தன் கதைதான் அவருக்கு ருசித்தது. ஓடைப்பட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கதையில் வியாகுலமேரி மாப்பிள்ளையின் பாதத்தைக் கண்ணீரால் கழுவியிருந்தார்.

இதெல்லாம் தன் மனைவியின் காதுக்கு வந்தால் என்ன ஆகுமோ என்று மரிய ஜோசப் கலங்கிப்போய், யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்தார். காதுக்கு வரத்தான் செய்தது, உத்தமபாளையம் பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒரு பெண்மணி வழியாக. வியாகுலமேரி ஒன்றும் சொல்லவில்லை. மறுத்துப் பேசினால் மாப்பிள்ளைக்கு ரோசம் வரும். ரோசம் வந்தால் காலைக் காட்ட மாட்டார். தைத்த குழாய் அடைத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேறு ஆள் இல்லை. வீட்டுக்கு வந்தபின் வாரத்துக்கு மூன்று நாள் அவர் ஓடைப்பட்டிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் பிடித்து, கண்ணை மூடி எண்ணினார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாலு மாதம் கழித்து மதுரையில் கடைசியாகப் பார்த்தபோது, இனிமேல் நாடி பார்க்கத் தேவையில்லை, குழாய் ஜோராக ஓடுகிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வியாகுலமேரி வழக்கம்போலவே ஓடைப்பட்டிக்கு வந்தார். பெனிஷா அடுப்படியில் இருந்தாள். ஜெஸ்லின் தாத்தாவோடு பந்தலுக்குள் ஓடிவிட்டாள். ஜஸ்டின் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கத்தில் காலை நீட்டினார். வியாகுலமேரி தரையில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்தார்.

ஜஸ்டின் கேட்டார். ரொம்ப நாளாக அவருக்குள் குடைந்துகொண்டிருந்த கேள்வி அது.

"அத்தை, அன்னைக்கு நெசமாவே மன்னிப்புக் கேக்கத்தான் கால்ல விழுந்தீகளா?"

"இல்ல மாப்பிள. அன்னைக்கு நாடி பாத்தேன்."

ஜஸ்டினின் முகம் விழுந்துவிட்டது. தெரிந்த பதில்தான், இருந்தாலும் அவர் வாயால் கேட்டபோது வலித்தது. காலை எடுத்துக்கொள்ளப் பார்த்தார். வியாகுலமேரி விடவில்லை. அவருடைய விரல்கள் நாடி இருக்கும் இடத்தில் இல்லை. பாதத்தை முழுதாகப் பொத்திப் பிடித்திருந்தார்.

"இன்னைக்கு நாடி பாக்கல" என்றார். "புள்ளைக்கு அன்னைக்குக் காய்ச்சல் இருந்துச்சு. உங்க கை சொன்னதுதான் சரி. அத்தன பேருக்கு முன்னாடி உங்களப் பாத்துச் சிரிக்க வச்சேன். என்னய மன்னிச்சிருங்க."

சொல்லி முடித்ததும் எழுந்து, சேலையை உதறிவிட்டு, குழம்புக்குப் புளி கரைத்தாயிற்றா என்று மகளைக் கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார்.

விழாத நாளில் விழுந்ததாக ஊருக்கெல்லாம் சொன்ன ஜஸ்டின், இதை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.